அவள் நம்பரில் நான் எழுதியது

எனக்கு வாய் கெட்ட வாய். பிரசவ வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவளுக்குத் தேன் ஒழுகும் வாயா இருக்கும்? எழுபதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் நான் பயிற்சி எடுத்தபோது, வலியில் கத்தும் பெண்களை அடக்குவது எப்படி என்பதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் கற்றுக்கொண்டேன். தொடையில் ஓங்கி ஒரு தட்டு. "அன்னைக்கு இனிச்சுது, இப்ப வலிக்குதா?" என்று ஒரு கேள்வி. மலாய்க்காரியோ சீனப் பெண்ணோ தமிழச்சியோ, அவரவர் பாஷையில் கேட்போம். முதல் மாதம் அதைக் காதில் வாங்கவே கூசியது. மூன்றாம் மாதம் நானே கேட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தவர். பெண் பிள்ளைக்கு டைப்பிங் தெரிந்தால் சோற்றுக்குக் கவலையில்லை என்று சொல்லி, பள்ளி முடிந்த கையோடு என்னைத் தெருக்கோடியில் இருந்த டைப்பிங் வகுப்பில் தள்ளினார். அதனால் பத்து விரலும் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். தொண்ணூறுகளின் நடுவில் கிள்ளானில் நான் வேலை பார்த்த தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வந்தபோது, மேட்ரன் வேறு யாரையும் யோசிக்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

அதற்கு முன்பும் பிள்ளையின் இதயத்துடிப்பைக் காட்டும் மெஷின் இருந்தது. தாயின் வயிற்றில் இரண்டு பெல்ட். ஒன்று பிள்ளையின் துடிப்பைப் பிடிக்கும், இன்னொன்று கருப்பை இறுகுவதைக் காட்டும். கட்டில் பக்கத்தில் காகிதம் ஓடும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டிலுக்குப் போயாக வேண்டும். புதிதாக வந்தது வேறு மாதிரி. ஆறு கட்டில்களின் ஒயரும் கவுன்டருக்கு வந்தன. ஒரே திரையில் ஆறு பெட்டி, ஆறு கோடு. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். தாயின் நாடி எவ்வளவு, பிள்ளையின் துடிப்பு எவ்வளவு, பிள்ளை அசைகிறதா என்று ஒவ்வொரு கட்டிலுக்கும் அரை மணிக்கு ஒரு தரம் அதில் தட்ட வேண்டும். ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு நம்பர், ஒரு பாஸ்வேர்ட். எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் 'சிஸ்டம்' என்போம்.

மெஷின் விற்ற கம்பெனியில் எனக்கு இரண்டு வாரம் பயிற்சி. திரும்பி வந்ததும் நான் சிஸ்டம் நர்ஸ். தலைக்கனம் ஏறிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுத்தேன். வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கினேன். இந்த மெஷினுக்கு ஒரு துடிப்பை எண்ணத்தான் தெரியும், அது யாருடைய துடிப்பு என்று தெரியாது. பெல்ட் கொஞ்சம் நகர்ந்தால் பிள்ளையை விட்டுவிட்டுத் தாயின் ரத்தக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். வலியில் தாயின் நாடியும் குதிரையாய் ஓடும். அப்போது திரையில் எல்லாம் நன்றாகவே தெரியும். அதனால் ஒரு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடி, கண்ணால் துடிப்பைப் பார். இரண்டும் ஒன்றாக ஓடினால் உள்ளே பிள்ளையின் கதி என்ன என்று உனக்குத் தெரியாது. இப்படிச் சொல்லிக்கொடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன்.

விதிமுறைகளையும் நானே எழுதிக் கதவில் ஒட்டினேன். பாஸ்வேர்டை இன்னொருவரிடம் கொடுத்தால் வேலை போகும் என்ற வரி மேட்ரன் கேட்டு எழுதியதல்ல, நானாகச் சேர்த்தது.

அந்த விதியை ஒரு மாதத்துக்குள் எல்லோருமாகச் சேர்ந்து குப்பையில் போட்டோம். அரை மணிக்குள் தட்டாவிட்டால் அந்தக் கட்டிலின் வரி சிவப்பாகிவிடும். மாதம் பிறந்ததும் மேட்ரன் சிவப்பு வாங்கியவர்களின் பட்டியலை அச்செடுத்துத் தேநீர் அறைக் கதவில் ஒட்டுவார். சீனப் பெண்மணி, குரலே உயர்த்த மாட்டார். "நான் யாரையும் ஏசுறதே இல்ல லா" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். ஏச வேண்டிய வேலையைப் பட்டியல் பார்த்துக்கொண்டது. ஒருத்திக்குப் பிள்ளையின் தலை வெளியே வந்துகொண்டிருக்கும்போது இன்னொருத்தியின் நாடியை யார் போய்த் தட்டுவது? கவுன்டரில் யார் இருக்கிறாரோ அவர், வேலையில் இருப்பவளின் நம்பரில் நுழைந்து தட்டிவிடுவார். "என் கட்டில கீ-இன் பண்ணிடுங்க" என்று கட்டிலின் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். எல்லோருடைய பாஸ்வேர்டும் எனக்கு மனப்பாடம்.

வேகமாகத் தட்டுகிறவள் நான் என்பதால் கவுன்டர் நாற்காலி எனக்கே பட்டாவாகிவிட்டது. ஆரம்பத்தில் எழுந்து போய்க் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து தட்டினேன். பிறகு திரையைப் பார்த்தே தட்டினேன். தாயின் நாடி திரையில் வராது. அதற்கு எண்பது, எண்பத்தாறு என்று வாய்க்கு வந்ததைப் போட்டுவிடுவேன். மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அந்த மணிக்கட்டு வகுப்பை எடுத்தவள் நான் ஒருத்திதான்.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது இளையவள். கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் குடும்பம், வீட்டில் நர்ஸ் உடுப்பு போட்ட முதல் ஆள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். நான் அவளைத் தோட்டத்துக்காரி என்பேன், அதுவும் நாலு பேர் முன்னால். ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடித் தட்டுவாள். "என்னடி, கோழி கொத்துற மாதிரி கொத்துற?" என்று நான் கேட்டால், "உங்க விரல்ல பாதி குடுங்க அக்கா" என்று சிரிப்பாள். கோபமே வராது. அதற்காகவே இன்னும் இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்வேன்.

அன்று பிற்பகல் நாலாம் கட்டிலில் ஒரு தலைப்பிரசவம். பக்கத்து ஊரான மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண், புருஷன் துறைமுகத்தில். அரசாங்க ஆஸ்பத்திரி மிஸ்ஸிகள், அதாவது நர்ஸுகள், ஏசுவார்கள் என்று பயந்து, இரண்டு பேரும் ஓவர்டைம் பார்த்து, கம்ப்யூட்டர் இருக்கிற ஆஸ்பத்திரி என்று தேடி வந்தவர்கள். நாலும் இரண்டும் தோட்டத்துக்காரியின் கட்டில்கள். இரண்டில் பிள்ளை பிறந்ததும் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அவளும் டாக்டரும் அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"அக்கா, நாலாம் கட்டில ஒரு எட்டு போய்ப் பாருங்க. என் நம்பர்ல கீ-இன் பண்ணிடுங்க."

போய்ப் பார்க்கச் சொன்னாள். அது என் காதில் தெளிவாக விழுந்தது.

"பாக்கறேன், நீ உன் வேலையப் பாரு" என்றேன். எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நாலாம் பெட்டியில் கோடு அறுந்தது. அலாரம் கத்தியது. பெண் புரண்டு படுத்திருப்பாள், பெல்ட் நகர்ந்திருக்கும், ஒரு நாளைக்கு இருபது தரம் நடக்கிற விஷயம். கவுன்டரிலிருந்தே அலாரத்தை அமர்த்தினேன். ஒரு நிமிஷத்தில் கோடு திரும்பி வந்தது. முன்பு நூற்று ஐம்பதில் ஓடியது, இப்போது நூற்று முப்பத்திரண்டு. அழகான எண்.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பெல்லும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் உண்டு. அதில் யார் பேசினாலும் ஒரே கரகரப்பாகத்தான் கேட்கும். நாலாம் கட்டிலிலிருந்து பெல் அடித்தது. பொத்தானை அமுக்கி, "என்ன?" என்றேன்.

"மிஸ்ஸி, ஒரு மாதிரியா இருக்கு. பிள்ள அசையற மாதிரி தெரியல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"இங்க ஸ்கிரீன்ல நல்லா ஓடுது. உனக்குத் தெரியுமா, கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? சும்மா பெல்ல அமுக்காம படு."

"சரி மிஸ்ஸி" என்றாள் அந்தப் பெண். அதன் பிறகு பெல் அடிக்கவில்லை. சொன்ன சொல் கேட்கிற பெண்.

வரி சிவப்பாக இன்னும் இரண்டு நிமிஷம். தோட்டத்துக்காரியின் நம்பரில் நுழைந்தேன். பெல்ட் சரிசெய்யப்பட்டது என்று தட்டினேன். தாயின் நாடி எண்பத்து நாலு. பிள்ளையின் துடிப்பு நூற்று முப்பத்திரண்டு. பிள்ளை அசைவதாகத் தாய் சொன்னார். பத்து விநாடி ஆகியிருக்காது. அடுத்த அரை மணியிலும் கிட்டத்தட்ட அதையே தட்டினேன். நடுவில் மைலோ கலக்கிக் குடித்தேன்.

இரண்டாம் கட்டிலில் ரத்தம் நின்றது. உடுப்பெல்லாம் நனைந்து, கை கழுவிவிட்டுத் தோட்டத்துக்காரி நேராக நாலாம் கட்டிலுக்குப் போனாள். போனதும் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். "டாக்டர்" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் ஓடினேன். தாயின் நாடி நூற்று முப்பத்திரண்டு. மெஷின் எண்ணிக்கொண்டிருந்தது அவளைத்தான். டாக்டர் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். கவுன்டரில் நாலாம் பெட்டியில் கோடு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளை அன்று மாலையே பிறந்தது. ஆண். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. மூன்று கிலோவுக்கு மேல், தலை நிறைய முடி. அப்போது நான் அந்தப் பெண்ணின் தலைமாட்டில் நின்று அவள் தலையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். இருபது வருஷத்தில் நான் யாரையும் அப்படிப் பிடித்ததில்லை. பயத்தில் பிடித்தேன். பார்த்தவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் விசாரணை. மேட்ரன், டாக்டர், நிர்வாகி. மேசையில் சிஸ்டத்திலிருந்து எடுத்த அச்சு. டாக்டர் எண்பத்து நாலின் மேல் விரலை வைத்தார். இரண்டாம் கட்டிலிலிருந்தபடியே நடுவில் ஒரு தரம் நாலாம் கட்டிலின் எண்களைக் கவுன்டரில் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். தாயின் நாடி எண்பத்து நாலு என்று பதிவில் இருந்தால் நூற்று முப்பத்திரண்டு பிள்ளையுடையது என்றுதானே யாரும் நினைப்பார்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த ஒரு எண்ணை நான் போடாமல் காலியாக விட்டிருந்தால், யாராவது கேட்டிருப்பார்கள்.

நிர்வாகி தோட்டத்துக்காரியிடம் கேட்டார். இது உன் நம்பர்தானே?

"என் நம்பர்தான் சார். ஆனா நான் தட்டல. நான் ரெண்டாம் கட்டில்ல இருந்தேன். அக்காகிட்ட குடுத்தேன். அக்காதான் கீ-இன் பண்ணாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாம் கட்டிலில் அவள் இருந்தது டாக்டருக்குத் தெரியும். ஆனால் நடுவில் பஞ்சு எடுக்க, ரத்தம் வாங்க என்று அவள் நாலைந்து தரம் வெளியே ஓடினாள். அப்போது தட்டியிருக்கலாம் என்று நிர்வாகி சொன்னதை டாக்டர் மறுக்கவில்லை. மேட்ரன் என்னிடம் மெல்லக் கேட்டார். "சிஸ்டம் நர்ஸ் நீங்கதான். ஒருத்தர் நம்பர்ல இன்னொருத்தர் நுழைய முடியுமா?"

"பாஸ்வேர்ட் இல்லாம முடியாது மேட்ரன்."

"அவங்க பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். தெரியும். அவளுடைய புருஷன் பெயர்.

மற்ற நர்ஸுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இந்த வார்டில் இப்படி ஒருவர் நம்பரில் இன்னொருவர் தட்டுகிற பழக்கம் உண்டா? இல்லை மேட்ரன். உண்டா? இல்லவே இல்லை மேட்ரன். ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். நான் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை, கண்ணைக் காட்டவும் இல்லை. உண்டு என்று சொல்பவளின் வேலையும் போகும் என்று கதவில் நான் ஒட்டிய காகிதமே அவர்களிடம் பேசிவிட்டது.

உடுப்பு மாற்றும் அறையில் தோட்டத்துக்காரி தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு ஜோடி செருப்பு, ஒரு பவுடர் டப்பா, முருகன் படம். நான் உள்ளே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் குடையை எடுக்கப் போனேன்.

"ஏன் அக்கா?" என்றாள். அழவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல்தான் வந்தது. "என்ன ஏன்? உன் நம்பர உன்ன யாரு என்கிட்ட குடுக்கச் சொன்னது? படிச்சுப் படிச்சுச் சொன்னேன் இல்ல, யாருகிட்டயும் குடுக்காதீங்கன்னு?"

அவள் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். "அந்தப் பொண்ணு கூப்புட்டாளா அக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு வேலை போன துக்கத்தைவிட அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"இல்ல" என்றேன்.

அதன் பிறகு அவளுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை கிடைக்கவில்லை. இந்த விஷயமெல்லாம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலைவிட வேகமாகப் போகும். ஒரு தீபாவளிச் சமயம் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் அவளைப் பார்த்தேன். யாரோ கலைத்துப் போட்ட சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். வயிறு ஒட்டித்தான் இருந்தது, இன்னும் பிள்ளையில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் எதிர்ப்பக்கம் போய், ஜாக்கெட்டுத் துணியை வேறு கடையில் வாங்கினேன்.

கையுறைத் தொழிற்சாலைப் பெண் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். அதே ஆஸ்பத்திரி. இரண்டாவது பிள்ளை. பதிவு செய்யும்போதே, அன்று தன் தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெரிய மிஸ்ஸிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். வேறு யாரையும் கிட்டே விட மாட்டேன் என்றாளாம்.

அன்று நான் நாற்காலிப் பக்கமே போகவில்லை. ஐந்து மணி நேரம் அவள் கட்டிலோடு நின்றேன். அவள் மணிக்கட்டை விடவே இல்லை, என் விரல் மரத்துப்போனது. சிறுநீர் கழிக்கக்கூடப் போகவில்லை. பெண் பிள்ளை, பிறந்ததும் வார்டே அதிரக் கத்தியது. டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தப்பித்தேன் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல்.

மறுநாள் காலை பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி அவள் பக்கத்தில் கிடத்தினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பேரப்பிள்ளைங்க இருக்காங்களா மிஸ்ஸி?"

"இனிமேதான். மக அஞ்சு மாசம். ஸ்ரீ கெம்பாங்கான்ல மாமியார் வீட்டுல இருக்கா."

"நல்லபடியா பொறக்கும் மிஸ்ஸி. உங்க கை நல்ல கை. அன்னைக்கு நீங்க மட்டும் அந்தக் கவுன்டர்ல இருந்திருந்தா என் மகன் இன்னைக்கு நடந்துகிட்டு இருப்பான்."

நான் பிள்ளையின் துணியைச் சரிசெய்தேன்.

"ஆஸ்பத்திரியில அந்த மிஸ்ஸிய நிறுத்திட்டோம்னு சொன்னாங்க, ஆனா பேரச் சொல்லல. எந்திரிச்சுக்கூட வரல மிஸ்ஸி அவ. பேசாம படுன்னு அந்த டப்பாவுல பேசுனா. நானும் பேசாம படுத்தேன். பேசாம படுத்ததுதான் என் நெஞ்ச அறுக்குது." அவள் குரல் ஏறவே இல்லை, பாசாரில் மீன் விலை சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனாள். "அவ வயித்துல ஒரு புழு பூச்சிகூட தங்கக்கூடாது, அவ குடும்பத்துல ஒரு தொட்டில் ஆடக்கூடாதுன்னு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அம்மனுக்கு எலுமிச்சம்பழ விளக்கு போடறேன். பேரு சொல்லாம வேண்டுனா யாரு மேல வேணா போயி விழும்னு பூசாரி சொல்றாரு. உங்களுக்குத் தெரியும்ல மிஸ்ஸி, அவ பேரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான்தான் அவள், என் மகளை விட்டுவிடு என்று காலில் விழுந்திருக்கலாம். பேரில்லாத அந்த வேண்டுதல் இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் எந்த வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. என் மகளின் வயிறுதான் கண் முன்னால் நின்றது, வேறு எதுவும் நிற்கவில்லை.

அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பேனாவையும் அர்ச்சனைச் சீட்டையும் எடுத்தாள். அடையாள அட்டையில் இருக்கிறபடி தோட்டத்துக்காரியின் முழுப் பேரையும் சொன்னேன், அப்பா பேரோடு. ஓர் எழுத்தும் தப்பிவிடக் கூடாதென்று பேனாவை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன்.